எச்சில் போகாத தட்டுகள்

உடுமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே மெஸ் நடத்திவந்த தெய்வசிகாமணி, ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, தன் தட்டைத் தானே கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் மிஷினுக்குள் அடுக்கி, கதவை மூடிப் பொத்தானை அழுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே சரிந்து விழுந்து செத்துப்போனார். ஆட்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் மிஷினும் பாதிக் கழுவலில் நின்றுபோனது.

அது மூடிப்போன ஒரு நூற்பாலையின் கேன்டீனிலிருந்து அவர் வாங்கிவந்த பழைய மிஷின். பெரிய பீரோ மாதிரி இருக்கும், ஓடும்போது தரை அதிரும், அதன் கோளாறுகள் அவருக்கு மட்டும்தான் தெரியும். கருமாதி முடிந்து, அவர் மனைவி அமுதவல்லி மெஸ்ஸைத் திரும்பத் திறந்தபோது மெக்கானிக் ஒருவர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், மோட்டார் நன்றாக இருக்கிறது, வயரிங் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடாது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அதற்குள் கிடந்த தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து, பாத்திரம் தேய்க்கும் மயிலாத்தாள் குழாயடியில் உட்கார்ந்து கையால் கழுவிக் கவிழ்த்தாள். அன்றிலிருந்து அந்த மெஸ்ஸின் எவர்சில்வர் தட்டுகளில் எச்சில் போகவில்லை.

பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன. முகம் தெரிந்தது. ஆனால் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர் ஒருவர் சாம்பாரைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும், தான் ஒருநாளும் வளர்த்திராத ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி செத்துப்போனதற்காகக் கண்ணீர்விட்டு அழுதார். அடுத்த மேசையில் ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை, கல்யாணமே ஆகாதவர், காலையில்தான் பேரன் பிறந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டே பொரியல் கேட்டார். தனக்கு முன்னால் அந்தத் தட்டில் யார் சாப்பிட்டார்களோ அவர்கள் சாப்பிடும்போது மனசில் என்ன இருந்ததோ, அது அடுத்தவருக்குச் சோற்றோடு சேர்ந்து வந்தது. அவர் சாப்பிட்டு எழுந்தால் அவருடையது அடுத்தவருக்கு. மயிலாத்தாள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்தாள், வெயிலில் காயவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் வழக்கம்போல சோப்புத் தூளுக்கே திரும்பிவிட்டாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனி மாசத்துக் காற்று ஆளைத் தள்ளுவதையும், கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதையும் எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே இதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மெஸ்ஸில் எச்சில் போகாது, பார்த்துச் சாப்பிடு என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவைத்தார்கள். சிரிக்க ஆசைப்பட்டவர்கள் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கும் ஒரு கோழிப் பண்ணைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து, அவர் தட்டு கழுவி வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை முதலில் சாப்பிடவைத்து, அதே தட்டில் பெண்ணின் அத்தையைச் சாப்பிடவைத்தார்கள். அத்தை கை கழுவிக்கொண்டு வந்து தலையசைத்தால் பேச்சு மேலே நடந்தது, அசைக்காவிட்டால் எல்லோரும் தேங்காய் பழத்தோடு பஸ் ஏறிவிட்டார்கள். கண்டவர் எச்சில் ஆகாது என்று வீட்டிலிருந்தே தட்டும் டம்ளரும் கொண்டுவந்து சாப்பிட்டுப் பழகிய ஒரு பெரிய தோட்டக்காரர், ஒருநாள் தட்டை மறந்து வந்து, வேறு வழியில்லாமல் மெஸ் தட்டில் சாப்பிட்டார். அதில் அவருக்கு முன்னால் சாப்பிட்டவன் அவருடைய தோப்பிலேயே மரம் ஏறுகிறவன். அவர் பாதிச் சோற்றோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் தட்டு கொண்டுவரவும் இல்லை, அந்த மெஸ்ஸுக்கு வரவும் இல்லை. மரம் ஏறுகிறவனை எதிரில் பார்த்தால் வேறு தெருவில் போனார் என்று சொன்னார்கள்.

அமுதவல்லி மட்டும் வாழை இலையில் சாப்பிட்டாள். தன் மனசில் இருப்பது யாருக்கும் போகக் கூடாது என்று அவள் முதல் வாரத்திலேயே முடிவு செய்திருந்தாள். ஏனென்றால் புருஷன் சாவதற்கு முந்திய நாட்களில் அவள் அவரோடு பேசவில்லை. அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் ஒரு கல்யாண வீட்டில் ஏற்பட்ட மனத்தாங்கலில் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. அந்த அண்ணனைத் தெய்வசிகாமணி அவளைக் கேட்காமல் மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை. அவருக்குப் பரிமாறச் சொல்வதும், இன்னும் வேண்டுமா என்று கேட்பதும் எல்லாம் சமையல்காரர் வழியாகத்தான். கடைசி நாள் அவர் சாப்பிட்டபோதும் அவள் கல்லாவில் சன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தட்டுகளின் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு ஒரு காலை அவள் கல்லாவில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது அது அவளுக்கு உறைத்தது. மிஷின் பாதியில் நின்றபோது அவர் தட்டும் அதற்குள் இருந்தது. மெஸ் திறந்த அன்று மயிலாத்தாள் கழுவிவைத்த தட்டுகளில் அதுவும் ஒன்று. அப்படியானால் திறந்த அன்று வந்தவர்களில் யாரோ ஒருவர் அவருடைய கடைசிச் சாப்பாட்டின் மேல் சாப்பிட்டிருக்கிறார். அவர் மனசில் அப்போது என்ன இருந்தது என்று அந்த ஒருவருக்குத் தெரியும்.

அவள் விசாரிக்கத் தொடங்கினாள். நேராகக் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு எப்படியிருந்தது, ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். பூக்காரர் தனக்குப் பல்வலி வந்ததாகச் சொன்னார். சலூன்காரர் தனக்குக் காரணமில்லாமல் பழனிக்குப் போக ஆசை வந்ததாகச் சொன்னார். திருமூர்த்திமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சென்னியப்பன், அன்றைக்குத் தான் வரவேயில்லை, டெப்போ பக்கத்தில் பரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னான். அவள் ஒவ்வொருவர் முகத்திலும் புருஷனைத் தேடினாள். வேலை முடிந்து உட்காரும்போது, வெறும் மேசைகளில் யாரோ ஒருவர் வலது கையை மடக்கிக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். நிமிர்ந்தால் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் கோகிலவாணிக்கு அப்படி நடந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற பெண், சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகும் வழியில் சாப்பிட வருவாள். ஒரு சனிக்கிழமை தயிர்ச் சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தவள் பஸ் ஏறாமல், பையை மேசையிலேயே விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த பெரிய வாய்க்காலை நோக்கி நடந்து, பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பின்னால் வந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கீழே விழுந்ததும் கோகிலவாணி, இது எனக்கில்லை, இது எனக்கில்லை, எனக்கு ஒரு கவலையும் கிடையாது என்று சொல்லிச் சொல்லி அழுதாளாம். அவளுக்கு முன்னால் அந்தத் தட்டில் யார் சாப்பிட்டது என்று ஊரே தேடியது. சட்டை போட்ட ஒரு ஆள், வெளியூர் ஆள், சோறு இரண்டாம் முறை வாங்கவில்லை என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. அந்தத் துக்கத்துக்குச் சொந்தக்காரர் எந்த பஸ்ஸில் ஏறினார், எங்கே இறங்கினார், இறங்கினாரா என்பதுகூடக் கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச காலத்துக்கு அந்த வாய்க்கால் பாலத்தைக் கடக்கிற பஸ்களில் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து வந்து, நல்ல மிஷினாகப் பார்த்து வாங்குங்கள், இனிமேல் இப்படி விடக் கூடாது என்று அமுதவல்லியிடம் சொன்னார்கள். அவள் சரி என்றாள். கோயம்புத்தூருக்குச் சொல்லியனுப்பினாள்.

பாத்திரம் கழுவும் மிஷின் வாங்குவது என்றால் மற்ற ஊர்களில் தண்ணீர் எவ்வளவு இழுக்கும், கரண்ட் எவ்வளவு ஆகும், எண்ணெய்ப் பிசுக்கு போகுமா, ஏதாவது கெட்டுப்போனால் ஆள் வருவார்களா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதையெல்லாம் கேட்டார்கள். ஆனால் கடைசியில் ஒரே சோதனைதான். துக்கத்தில் இருக்கிற ஒருவரை முதலில் சாப்பிடவைப்பது, தட்டை மிஷினில் போடுவது, அதே தட்டில் இன்னொருவரைச் சாப்பிடவைத்து அவர் முகத்தைப் பார்ப்பது. துக்கத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் தானாகவே வந்தார். தனக்கும் ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று என்றார்.

முதல் மிஷினைக் கொண்டுவந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தண்ணீர் பீச்சியடிப்பதைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். தட்டு சூடாக, ஆவி பறக்க வந்தது. பூக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் கையை உதறிவிட்டு, பையனுக்குப் புதுச்சட்டை தைத்து வைத்திருக்கிறேனே, அவன் போடவே இல்லையே என்றார். டை கட்டியவர் ஒன்றும் புரியாமல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டாவது மிஷின் வெளிநாட்டு மிஷின். சத்தமே இல்லை. அது கழுவித் தந்த தட்டில் சலூன்காரர் சாப்பிட்டார், தையல்காரரின் துக்கம் துளிகூட வரவில்லை, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சலூன்காரர் வாசலுக்குப் போய் நின்று, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, என் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெண்டாட்டி பெயர் அவருக்கு வரவில்லை. தன் அம்மா எப்போது செத்தாள் என்று கேட்டதற்கு, செத்துவிட்டாளா என்றார். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அம்மாவுக்காக இரண்டாம் முறையாக அழுதார். அந்த மிஷின் எச்சிலை மட்டும் கழுவவில்லை, சாப்பிட வருகிறவர்களையும் சேர்த்துக் கழுவுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவது, பார்வைக்குச் சாதாரணமான ஒன்று. அதைக் கொண்டுவந்த பெண் அதிகம் பேசவில்லை. தினமும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும், உப்புத் தண்ணீருக்குத் தனியாக மருந்து போட வேண்டும், அதை ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் ஓடும் என்று மட்டும் சொன்னாள். தையல்காரர் சாப்பிட்டார், தட்டு கழுவி வந்தது, கோகிலவாணியே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், இன்னொரு வாய் சாப்பிட்டாள். கீரையில் உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். அவ்வளவுதான். பூக்காரர் கைகூப்பினார்.

அமுதவல்லி அந்த மிஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கதவு சரியாக மூடவில்லை என்றாள். அந்தப் பெண் மூடிக் காட்டினாள். நிறம் பிடிக்கவில்லை என்றாள். வேறு நிறம் தருவதாகச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அமுதவல்லி கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கோகிலவாணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள். ஊர்க்காரர்களும் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். இவளுக்கு மனசில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.

சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானக் கூட்டம் வடிந்து, மேசைகள் துடைத்த பிறகு அவன் வந்தான். சாப்பிட வரவில்லை என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். இடது தோளை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்போதெல்லாம் டிக்கெட் கிழிக்கும்போதும் அப்படித்தான் தேய்க்கிறான் என்று பயணிகள் பேசிக்கொள்வது உண்டு.

"அக்கா, அன்னைக்கு நான் பரோட்டா சாப்பிடலீங்க," என்றான். "இங்கதான் சாப்பிட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அவனையும் உட்காரச் சொன்னாள்.

"சொல்லு தம்பி."

தான் ஏன் மறைத்தேன் என்பதை அவன் முதலில் சொன்னான். அது தன்னுடைய சமாச்சாரம் இல்லை, இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது, சொன்னால் அக்காவுக்குத் தாங்காது என்று பேசாமல் இருந்துவிட்டதாகச் சொன்னான். ஆனால் நல்ல மிஷின் வந்தும் அவள் அதைத் தட்டிக்கழிப்பதைப் பார்த்தபோது, புருஷன் தட்டில் சாப்பிட்டவர் யாரென்று தெரியும்வரை எச்சில் போய்விடக் கூடாது என்று அவள் காத்திருப்பது புரிந்ததாகவும், வாய்க்கால் பாலத்தில் இன்னொருவர் ஏறினால் அதில் தனக்கும் பங்கு உண்டு என்று பயந்ததாகவும் சொன்னான்.

"ரசம் ஊத்திச் சாப்பிடறப்ப மார்ல புடிச்சுதுங்க. அப்படியே இந்தத் தோளுக்கு ஏறுச்சு. பயம்னா பயம், அப்படி ஒரு பயம். எனக்கில்லீங்க, அவருக்கு. கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. நீங்க சன்னலைப் பார்த்துட்டு இருந்தீங்க."

அமுதவல்லி அந்தச் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூப்பிடறதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அப்புறம், அவளே மொதல்ல பேசட்டும்னு விட்டுட்டாரு."

"கோவமா இருந்தாரா?"

"கோவம் இல்லீங்க. ரோசந்தான் இருந்துச்சு. சின்னப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி. இன்னொரு கரண்டி ரசம் கேட்கணும்னும் இருந்துச்சுங்க. அதையும் கேக்கல. பயமும் அதுவும் ஒண்ணா இருந்துச்சு."

அதன் பிறகு பல நாள் தனக்கே வியாதி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள் என்றும், ஆனால் மற்றவர்களுக்கு அடுத்த வேளையே போய்விடுவதுபோல இது தனக்குப் போகவில்லை என்றும் சொன்னான். சாப்பிட வரும்போதெல்லாம் கல்லாவைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பார்ப்பதில்லை.

வெளியே பழனி பஸ்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி எழுந்து உள்ளே போய், அடுக்கில் இருந்து ஒரு தட்டை எடுத்து, மீதமிருந்த சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். புருஷன் போனதிலிருந்து அவள் தட்டில் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அந்தத் தட்டில் முன்னால் சாப்பிட்டவர் யாரோ ஒரு வளையல் வியாபாரியாக இருக்க வேண்டும். யாருடைய மணிக்கட்டோ நினைவுக்கு வந்தது, அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, புருஷன் கடைசியாக உட்கார்ந்த மேசையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் மெதுவாக, சொல்லவேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அண்ணனைக் கூட்டி வந்ததற்காக இன்னும் கோபம்தான் என்பதையும் விடாமல் சொன்னாள், திரும்பிப் பார்த்திருப்பேனே, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா என்பதையும் சொன்னாள், நானாவது கூப்பிட்டிருக்கலாம் என்பதையும் சொன்னாள். சாப்பிட்டு முடித்து, மயிலாத்தாளிடம் கொடுக்காமல் குழாயடியில் தானே உட்கார்ந்து தட்டைக் கழுவினாள். ஈரத்தோடு கொண்டுவந்து சென்னியப்பன் முன்னால் வைத்து, சோறு போட்டாள்.

"சாப்பிடு தம்பி," என்றாள். "நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவனுக்குப் புரிந்தது. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் வாயிலேயே அவன் தலை குனிந்தது. அழவில்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பாதிச் சோறு ஆனபோது நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வை முழுக்க அவனுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை விலக்கவில்லை.

"இன்னொரு கரண்டி ரசம்," என்றான்.

அவள் ஊற்றினாள். அவன் தட்டைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். எழுந்தபோது தோளைத் தேய்க்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து பஸ் நிலையத்துக்குள் போனான். அவள் வாசலில் நின்று, அவன் பஸ்ஸில் ஏறி விசில் ஊதுவதைப் பார்த்தாள். பஸ் திரும்பிப் போன பிறகு உள்ளே வந்து, மூன்றாவது மிஷினைக் கொண்டுவந்த பெண்ணுக்குப் போன் செய்து, எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

பழைய மிஷினை இரும்புக் கடைக்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். புதியது வந்து மாட்டிய மறுநாள் மத்தியானம், இருந்த தட்டுகள் எல்லாம் அதில் கழுவப்பட்டு மேசைகளுக்கு வந்தன. வழக்கமான ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு ஒவ்வொருவரும் கொஞ்சம் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சோறு சோறாகவும் சாம்பார் சாம்பாராகவும் இருந்தன. நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் அன்றைக்கு மெஸ் ரொம்ப அமைதியாக இருந்தது, தனித்தனியாக விட்டுவிட்ட மாதிரி ஒவ்வொருவரும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சுவர் ஓரத்து மேசையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் புதிது. காலடியில் ஒரு துணிப்பை. போட்ட சோறு போட்டபடி இருந்தது, அப்பளம் நமத்துப்போயிருந்தது, அவள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு அவளைத் தாண்டிப் போனார், பக்கத்தில் இருந்தவர் மோர் வாங்கிக் குடித்தார், ஏப்பம் விட்டார். அவள் எழுந்து போய்விட்டால் தட்டு மிஷினுக்குள் போய்ச் சுத்தமாக வெளியே வரும். அவளுக்கு என்ன என்பது யாருக்கும் தெரியாது.

அமுதவல்லி கல்லாவைப் பூட்டினாள். சாப்பிட்டவர்கள் பணம் கொடுக்கக் காத்து நின்றதை அவள் பார்க்கவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து போய், அந்த அம்மாளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு, சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.